பூவாயி கொடுத்த மிட்டாய்

நான் குனிந்து அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், காம்பராவுக்குள், நுழைந்தபோது பூவாயி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வயதுப் பிள்ளை. நனைத்த சாக்குத் துண்டில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, முழங்காலில் நின்று, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். வெளியே பனி முழுதாக விலகவில்லை. மேல் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் வரை கேட்டது.

மூலையில் கம்பளிக்குள் அவளுடைய தம்பி முருகேசு சுருண்டு கிடந்தான். மூன்று வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் நான் பார்த்த முதல் பிரசவங்களில் அவனுடையதும் ஒன்று. அதனால் வயது எனக்குச் சரியாகத் தெரியும்.

“தம்பிக்கு என்னா?”

“வாந்தி எடுத்துட்டான்.”

“என்னா தின்னான்?”

“ஒன்னும் திங்கலீங்க நர்சம்மா.”

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

சாக்குத் துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பழைய தகரத்தின் துரு மாதிரி ஒரு கறுப்பு. அதற்குள் மெல்லிய இரத்தக் கோடு. பிள்ளையைத் தூக்கினேன். கழுத்து வியர்த்திருந்தது. என் தோளிலேயே இன்னொரு முறை எடுத்தான்.

அவனைக் கம்பளியோடு சுற்றிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு நடந்தேன். பின்னால் பூவாயியின் வெறுங்கால் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

நான் போட்ட சட்டம்

இந்தத் தொடரைப் படிக்கும் இளம் தாய்மார் சிலர், ‘நீங்கள் இத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர், பிள்ளை வளர்ப்புப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதக்கூடாதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையெல்லாம் ஏதாவதொரு தவறு நடந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். பெரும்பாலும் என் தவறு. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் தோட்டம். நான் அங்கே மருத்துவிச்சி. சனங்களுக்கு நான் நர்சம்மா. வயது இருபத்து நான்கு. புத்தகத்தில் படித்தது எல்லாம் தலையில் புதிதாக இருந்தது. அதைவிட வாய் பெரிதாக இருந்தது.

லயம் லயமாகப் போய்ப் பேசுவேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்வேன். கைக்குழந்தைக்குப் பாலில்லாத சாயத் தேநீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுக்காதே என்பேன். பிள்ளையை வெறுங்காலோடு தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் விட்டால் காலில் புழு ஏறும், சோகை பிடிக்கும் என்பேன். எல்லாம் சரியான பேச்சுத்தான். ஆனால் சொன்ன விதம் ஏச்சு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண்களை ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான் பேசினேன். தோட்டத்து உத்தியோகத்தர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். நானும் அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் பெற்றுக்கொண்டேன்.

அந்த மாதம் லயங்களில் கக்குவான் இருமல் பரவியிருந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது சிறுபிள்ளைகளை விட்டுப் போகும் அறைக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். ஒரே அறைக்குள் முப்பது தொட்டில். ஒரு பிள்ளை இருமினால் போதும். ஆகவே சட்டம் போட்டேன்: இருமுகிற பிள்ளை எதுவும் பிள்ளைக் காம்பராவுக்கு வரக்கூடாது.

நோய் பரவாமல் இருக்க அது நல்ல சட்டம். திருப்பி அனுப்பப்படும் பிள்ளையை வீட்டில் யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.

முருகேசுவுக்கு வந்தது வெறும் சளி இருமல். இரண்டு நாளாக அவனைச் சேர்க்கவில்லை. தாய் ராமாயி ஆறு மாதக் கர்ப்பிணி, மலையில் பேர் பதியாவிட்டால் அன்றைய கூலி போகும். தகப்பன் வீரமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையில். மிஞ்சியது பூவாயி. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்சம் தேறினான்

மருந்துச்சாலைக்குப் பொறுப்பாக இருந்த டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமைசாலி. முருகேசுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

“என்ன சாப்பிட்டவன்?”

“ஒன்னும் திங்கலீங்க ஐயா,” என்றாள் பூவாயி.

“வயித்துப் பூச்சிக் குணம் போலக் கிடக்கு. பாப்பம்.”

அதற்குள் மூன்று தடவை வயிற்றால் போனது. அதுவும் கறுப்பு. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். மலைக்கு ஆள் அனுப்பி ராமாயியை வரவழைத்தேன். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடி வந்தாள். வந்ததும் அவள் பார்வை முதலில் மகனிடம் போகவில்லை. மகளிடம் போனது.

“என்னாடி குடுத்த?”

“ஒன்னும் குடுக்கலம்மா.”

“இரு, வூட்டுக்கு வா.”

அந்தக் குடும்பத்தில் அடி என்றால் கூடைக் கயிறு. லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. நானும் அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மத்தியானத்துக்கு முன் வாந்தி நின்றது. வயிற்றுப்போக்கும் நின்றது. முருகேசு எழுந்து உட்கார்ந்தான். பிஸ்கட் துண்டு ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டான். தாயைப் பார்த்துச் சிரித்தான்கூட.

எனக்கு உயிர் வந்தது. டிஸ்பென்சர் ஐயா சாப்பிடப் போனார். ராமாயி அந்தி நிறுவைக்குக் கொழுந்து சேர்க்க வேண்டும் என்று மறுபடி மலைக்கு ஏறினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். பிள்ளைகளின் விஷயத்தில் நான் மிகவும் நம்பி ஏமாந்த நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

மூக்கில் போன புளியங்கொட்டை

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் பூவாயியை மறுபடி பார்த்தேன் என்பது புரியாது.

என் தகப்பனார் ஹட்டன் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். சுருக்கமாகப் பேசும் மனிதர். பிள்ளைகள் தவறு செய்தால் இடுப்புவாரைக் கழற்றுவார், வேலை முடிந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்வார். கோபம்கூட இருக்காது.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது விளையாட்டாகப் பாதிப் புளியங்கொட்டை ஒன்றை மூக்கில் நுழைத்தேன். உள்ளே போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வலித்தது. நாலாம் நாள் மூக்கிலிருந்து நாற்றம் வந்தது. அம்மா சளி என்று ஆவி பிடிக்க வைத்தார். கொட்டை ஊறிப் பெருத்தது. ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “உள்ளே என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டார். ‘என்ன செய்தாய்’ என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அந்த ஒன்பது நாளும் நான் பிடிவாதக்காரியாக இருக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சொன்னால் வார் நிச்சயம். சொல்லாவிட்டால் கொட்டை தானாக விழுந்தாலும் விழலாம். ஆறு வயது மூளைக்கு அது நியாயமான கணக்கு. பொய் சொல்லும் பிள்ளையைக் கெட்ட பிள்ளை என்று சொல்வதற்கு முன், அதன் கணக்கில் நாம் எந்த எண்ணாக இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

சரி. மருந்துச்சாலைக்கு வருகிறேன்.

பதினெட்டு

பிள்ளை தேறிவிட்டான் என்றதும் யாருக்கும் மகிழ்ச்சி வரும். பூவாயி முகத்தில் அது இல்லை. வெளியே சுவர் ஓரமாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட் நீட்டினேன். வாங்கக் கையை நீட்டினாள், உடனே இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு கணத்தில் உள்ளங்கை தெரிந்தது. விரல் இடுக்கெல்லாம் மங்கலான சிவப்பு.

“கையில என்னா?”

“வெத்தல பாக்கு.”

வெற்றிலைச் சிவப்பு வேறு. இது கடைச் சாயத்தின் சிவப்பு. அந்தச் சிவப்பை நான் எங்கோ தினமும் பார்க்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் வெள்ளைச் சேலை அழுக்காகுமே என்று அவள் பார்த்தாள். புளியங்கொட்டைக் கதையைச் சொன்னேன். மூக்கு நாறிய இடம் வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

“அப்பறம் அடிச்சாங்களா?” என்று கேட்டாள்.

“அடிச்சாங்க. ஆனா கொட்ட வெளிய வந்துருச்சு.”

பின்னால் வைத்திருந்த கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

“தம்பி செத்துருவானா?”

நான் ‘சே, அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா. என்னா தின்னான்னு தெரிஞ்சா ஐயாவுக்குத் தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் இப்ப ஒன்னும் தெரியல.”

“அம்மாகிட்ட சொல்லுவீங்களா?”

“சொல்லத்தான் வேணும். சொல்லயில நான் ஒம் பக்கத்துல நிப்பேன்.”

அவள் சொன்னாள். அழாமல், முறையாகச் சொன்னாள்.

தம்பி அழுதிருக்கிறான். அவனைச் சமாதானப்படுத்தப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடியிருக்கிறாள். இவள் டீச்சர். அவன் பிள்ளை. ஒன்று என்று இவள் சொன்னால் அவனும் ஒன்று என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய். மிட்டாய் தாயின் தகரப் பெட்டியில், கடதாசிச் சுருளுக்குள் இருந்தது. சிவப்பு, உருண்டை, மேலே சீனி.

“நானும் மூணு வாயில போட்டேன். இனிப்பு போனதும் கசந்துச்சு, துப்பிட்டேன். தம்பி கடிக்கல. அப்பிடியே முழுங்கிட்டான்.”

“எத்தினி முழுங்குனான்?”

“பதினெட்டு வரைக்கும் சொன்னான். பத்தொம்பது அவனுக்கு வாயில வரல.”

சிவப்பு எங்கே பார்த்தது என்று இப்போது தெரிந்தது. என் பைக்குள்தான். கர்ப்பிணிகளுக்கு நான் கொடுக்கும் இரத்த மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை. கடைக்காரர் மிட்டாய் மடிப்பது போல, கடதாசியைச் சுருட்டி நான்தான் மடித்துக் கொடுப்பேன்.

“அது மருந்துன்னு ஒனக்குத் தெரியாதா புள்ள?”

“நீங்கதான மிட்டாய்னு சொன்னீங்க.”

பூச்சி மருந்து கொடுக்கும் நாட்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ‘வாயத் தொற, நர்சம்மா மிட்டாய் தரப் போறேன்’ என்று சொல்வது என் வழக்கம். சுலபமாக வாயைத் திறப்பார்கள். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ராமாயி சொன்னதும் சொல்லாததும்

டிஸ்பென்சர் ஐயாவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தேன். அவர் முகம் மாறியது.

“இரும்பு சின்னப் பிள்ளையளுக்கு நஞ்செண்டு வாசிச்சனான். பெட்டை சொல்லுறது சரியோ? தாயைக் கூப்பிடு. எத்தினை மிச்சமெண்டு தெரியவேணும்.”

ராமாயியை மறுபடி மலையிலிருந்து இறக்கினோம். நான் பூவாயியின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“ராமாயி, நான் குடுத்த ரத்த மாத்திர வூட்டுல எத்தினி இருந்துச்சு?”

“ஒன்னும் இல்லீங்க நர்சம்மா. எல்லாத்தயும் முழுங்கிட்டேன்.”

“பொட்டியில இருந்துச்சுன்னு பூவாயி சொல்றா.”

“அவளுக்கு என்னா தெரியும். நான் தெனம் ஒன்னு முழுங்குறேங்க.”

பூவாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு இப்போது தெரிய வேண்டியிருந்தது.

ராமாயியை நான் பார்த்தேன். கண் என் முகத்தில் நிற்கவில்லை, தரையில் ஓடியது. காலையில் மகள் பதில் சொன்ன அதே வேகத்தில் தாயும் பதில் சொல்லியிருந்தாள். இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எதிரே நின்றது நான்தான்.

“நான் ஏச மாட்டேன். சத்தியமா ஏச மாட்டேன். ஒன்னாவது முழுங்குனியா?”

அவள் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மொத வாரம் முழுங்குனேங்க. கொமட்டுச்சு. கறுப்பா போச்சு. என்னமோ ஆயிருமோன்னு பயந்து வெச்சிட்டேன். சொன்னா நீங்க ஏசுவீங்கன்னு...”

மூன்று தடவை கொடுத்த மாத்திரை. ஒவ்வொரு தடவையும் ‘எல்லாம் முழுங்கினாயா?’ என்று மிரட்டிக் கேட்டு, ‘முழுங்கிட்டேங்க’ என்ற பதிலைக் குறித்துக்கொண்டு, புதுச் சுருளைக் கையில் கொடுத்திருந்தேன்.

டிஸ்பென்சர் ஐயா ஆபீசுக்கு ஓடினார். அங்கேதான் டெலிபோன். திரும்பி வந்தவர் மூச்சு வாங்கினார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது இதுதான்: பிள்ளை தேறியது போலத் தெரியும், நம்ப வேண்டாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் வாசலில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஹட்டனுக்குப் புறப்பட நின்றது. டிரைவர் சிங்களவர். பிள்ளையைப் பார்த்ததும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. “நகின்ன, நகின்ன,” என்று கதவைத் திறந்து எங்களை ஏற்றினார். வீரமுத்து கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்து பின்னால் பெட்டிகளின் மேல் தொற்றிக்கொண்டார். பூவாயியைப் பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் விட்டோம். லொறி திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

பாதி வழியில் முருகேசுவின் உதடு வெளுத்தது. கை சில்லிட்டது. என் மடியில் தலை கனத்தது. ராமாயி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். காலில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். “எத்தனை மாத்திரை?” என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. “பதினெட்டு,” என்றேன். சுமாராகவா, சரியாகவா என்று கேட்டார். “எண்ணியது,” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் முருகேசு கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

“புடி, கை வலிக்குது”

ராமாயி பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பத்து நாளும் பூவாயி என் குவாட்டர்ஸில் இருந்தாள். நான் சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். இரவில் தூக்கத்தில் எண்ணுவாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ராமாயி நேரே என் வாசலுக்கு வந்தாள். பூவாயி சமையலறையில் விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான் வெளியே போனேன். பஸ்ஸில் வந்த இன்னும் மூன்று நான்கு பெண்கள் நின்றார்கள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

“ராமாயி அக்கா,” என்றேன். அப்படி நான் யாரையும் அதுவரை அழைத்ததில்லை. “மாத்திரைய மிட்டாய் மாதிரி மடிச்சிக் குடுத்தது நானு. எட்டாத எடத்துல வையுங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. மருந்த மிட்டாய்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நானு. இருமுற புள்ளைய வூட்டுல வையுங்கன்னதும் நானு. யாரயாவது கேக்கணும்னா மொதல்ல என்னையக் கேளுங்க.”

மேலிடத்துக்கு யாராவது எழுதினால் என் வேலை போகும். அது எனக்குத் தெரிந்திருந்தது.

ராமாயி ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லியிருக்கணும்,” என்றாள்.

“ஆமாங்க.”

“நானும்தான் பொய் சொன்னேன். என்னைய யாரு அடிக்கிறது?” பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏ புள்ள, வெளிய வா.”

பூவாயி வந்தாள். தாய் கையை அசைத்தாள். அவ்வளவுதான், பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். ராமாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பெண்களும் பார்த்தார்கள். தன் பிள்ளை தன் கைக்கு முன்னால் எப்படி இருக்கிறாள் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“எந்திரி,” என்றாள். முருகேசுவை மகளிடம் நீட்டினாள். “தம்பியப் புடி. கை வலிக்குது.”

அதற்குப் பிறகு ராமாயி பிள்ளையை அடிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். அடித்தாள். அந்த லயத்தில் எல்லாரும் அடித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் வந்தது. பிள்ளை தானாக வந்து சொன்ன தவறுக்கு அடிக்கவில்லை. பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு ஓடி வந்து பூவாயி சொன்னபோது, கை ஓங்கிய ராமாயி, ஓங்கிய கையாலேயே விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

மாற்றிக்கொண்டவை

அந்த வாரம் முதல் ஏழு நாளுக்கு மேல் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. மூடியுள்ள தகர டப்பியில்தான் கொடுத்தேன். டப்பியைக் கம்பியில் கோத்துக் கூரைக் கட்டையில் தொங்கவிடச் சொன்னேன். சொல்லிவிட்டு வராமல், நானே ஏறிக் கட்டிவிட்டு வந்தேன். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்கக் கூடாது என்று நெடுநாளாகச் சொல்லி வந்திருந்தேன். அதற்கும் அதே கட்டையில் ஓர் இடம் பார்த்தோம்.

மருந்தை மிட்டாய் என்று சொல்வதை நிறுத்தினேன். ‘இது மருந்து, கசக்கும், தண்ணி குடிச்சா போயிரும்’ என்று சொன்னேன். முதல் தடவை பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். மருந்து கொடுக்க இரண்டு மடங்கு நேரமானது. பரவாயில்லை.

பெண்களிடம் ‘முழுங்கினாயா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘முழுங்க முடியுதாக்கா?’ என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, பாதிக்கு மேற்பட்டவர்கள் முழுங்கவே இல்லை. சோறு தின்ற பிறகு போட்டால் குமட்டல் குறையும், கறுப்பாகப் போவதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சொல்லக் கால் நிமிடம்கூட ஆகாது. மூன்று வருடமாக அந்தக் கால் நிமிடம் என்னிடம் இருக்கவில்லை.

பிள்ளைக் காம்பராவில் ஒரு மூலையைத் தடுத்து, இருமும் பிள்ளைகளுக்கு என்று தனி ஆயா ஒருவரைப் போடச் சொல்லி எழுதிக் கேட்டேன். பல மாதம் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

ஆறாவது வாரம்

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு வாரம் போல ஆனபிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்ட நேரம், பூவாயி தனியாக என் வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்திருந்தாள்.

“நர்சம்மா, தம்பிக்குச் சோறு நிக்க மாட்டேங்குது. தின்னு கொஞ்ச நேரத்துல அப்பிடியே வந்துருது. கஞ்சிகூட. அஞ்சு நாளா.”

“அம்மா ஏன் சொல்லல?”

“மறுபடி ஆஸ்பத்திரின்னா பயப்படுறாங்க. இப்ப நான் வந்தது தெரியாது. போயி சொல்லிருவேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான் இந்தத் தடவ ஒன்னும் குடுக்கலீங்க. பக்கத்து லயத்து ஆளு ஒருத்தரு எனக்குக் கல்கண்டு குடுத்தாரு. அதக்கூட தம்பிக்கு நான் குடுக்கல.”

போய்ப் பார்த்தேன். விலா எலும்பு எண்ணலாம். மாத்திரை புண்ணாக்கிய இடம் ஆறும்போது சுருங்கி, இரைப்பையின் வாய் அடைபட்டுக்கொண்டிருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. பிறகு டாக்டர் விளக்கியது. கண்டிக்கு அனுப்பி, வெள்ளையாக ஏதோ குடிக்க வைத்துப் படம் எடுத்து, வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். முருகேசு பிழைத்தான். வயிற்றில் விரல் நீளத் தழும்போடு வளர்ந்தான், பந்தாடினான், ஸ்டோரில் வேலைக்குப் போனான். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தாங்க உடம்பில் ஒன்றும் இருந்திருக்காது என்றார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது கண்டி அல்ல. அதற்கு முந்திய நாள், முதலில் பார்த்த அதே நகரத்து ஆஸ்பத்திரியில், அதே டாக்டரின் அறை. ராமாயிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மகனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பூவாயி பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றாள். டாக்டர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

“எப்போ தொடங்கியது? என்னென்ன சாப்பிட்டால் வருது? நல்லா யோசித்துச் சொல்லம்மா,” என்றார்.

ராமாயி வாயைத் திறந்தாள். திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மகளின் முதுகில் கை வைத்து, மேசைக்கு முன்னால் மெதுவாகத் தள்ளினாள்.

“இவளக் கேளுங்க ஐயா. நான் பயத்துல மாத்திச் சொல்லிருவேன். இவ உள்ளதச் சொல்லுவா.”

டாக்டர் பேனாவை எடுத்தார். பூவாயி கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.